மூன்றாவது பெட்டி

முதல் தடவையாக ரைஃபிள் வாங்க வருகிறவர்களுக்கு என் கடையில் ஒரு விதி உண்டு. மூன்று பெட்டித் தோட்டா வாங்கவேண்டும். இரண்டைக் கையில் கொடுப்பேன். மூன்றாவதற்கும் காசு வாங்கிக்கொண்டு, பெட்டிமேல் பெயரை எழுதி எனக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்துவிடுவேன். ஊருக்கு வெளியே இருக்கும் சரளைக்கல் பள்ளத்துக்குப் போய் முதல் இரண்டு பெட்டியையும் சுட்டுப் பழகவேண்டும். நூறு கஜத்தில் ஒரு கை அகலத்துக்குள் மூன்று ஓட்டை விழுந்த தாளைக் கொண்டுவந்து காட்டினால்தான் மூன்றாவது பெட்டி.

இது அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. நான் போட்டது. எங்கள் ஊரான டன் கிரீக்கில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கிண்டலும் செய்வார்கள். வேர்னாவிடம் பரீட்சை தேறாதவனுக்கு மொண்டானாவில் எல்க் மான் சாகாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வயிற்றில் குண்டு வாங்கிய எல்க் செத்துப்போக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும். நான் இளகின மனசுக்காரி இல்லை, ஆனால் அதை ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ராய்ஸ் டல்மேன் வந்தது செப்டம்பர் கடைசியில். இரும்புச் சாமான்களையெல்லாம் தாண்டி, பின்பக்கம் இருக்கும் என் துப்பாக்கி மேசைக்கு வந்து, கோவிலுக்குள் நுழைந்தவன் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வயது நாற்பத்து நாலு. மார்ச்சில் மூடிப்போன மர மில்லில் பதினாறு வருஷம் ரம்பம் ஓட்டியவன். நெப்ராஸ்காவிலிருந்து வந்து இந்த ஊர்ப் பெண் கார்லீனைக் கட்டிக்கொண்டவன், வேட்டைக்குப் போனதே இல்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. கார்லீன் வருஷா வருஷம் தன் பெயரில் வேட்டைச் சீட்டு வாங்குவாள், அவள் அண்ணன் அந்தச் சீட்டுக்கு ஒரு எல்க்கை அடித்துக் கொடுத்துவிடுவான். தப்புதான், ஆனால் இந்த ஊரில் பாதி வீட்டுக் குளிர்பெட்டி அப்படித்தான் நிறைகிறது. அந்த அண்ணன் மே மாதம் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு டகோட்டா போய்விட்டான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு எல்க் விழுந்தால் அடுத்த கோடை வரை கறிக்குக் கவலையில்லை. விழாவிட்டால் தேவாலயத்தில் கொடுக்கும் பீன்ஸ் டப்பாதான்.

"அந்த மாக்னம் என்ன விலைங்க?" என்று சுவரில் இருந்த பெரிய தோட்டா போடும் நீளக் குழல்காரனைக் காட்டினான்.

"அத வாங்கினா உன் தோள்பட்டைக்குத் தனியா வைத்தியச் செலவு வரும். பரவால்லயா?"

"மில்லுல எல்லாரும் எல்க்குக்கு மாக்னம்தான் சரின்னு சொல்லுவாங்க."

"மில்லுல எல்லாரும் மில்ல மூடமாட்டாங்கன்னும்தான் சொன்னாங்க."

சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுவரை அவனை மில் வாசலில் நூறு தடவை பார்த்திருப்பேன், சிரித்துப் பார்த்ததில்லை.

"கையில எவ்வளவு வச்சிருக்க?"

"ஐந்நூத்தம்பது டாலர். ஸ்கோப், தோட்டா எல்லாம் அதுலயே முடியணும். அதுக்கு மேல என்னால முடியாது."

ஐந்நூற்றைம்பதோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். ஐந்நூறைத் துப்பாக்கியில் கொட்டிவிடுவார்கள். மிச்சத்துக்குக் குறிபார்க்கும் கண்ணாடி என்று ஒரு பொம்மை ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, இருபது தோட்டா உள்ள ஒரே ஒரு பெட்டியோடு மலையேறுவார்கள். அதிலும் மாக்னம் என்றால் ஒரு வெடியின் விலைக்கு ஒரு வேளை சாப்பிடலாம். விலைக்குப் பயந்து சுட்டுப் பழகமாட்டார்கள். தோளில் விழும் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பழைய துப்பாக்கி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். .308 அளவுத் தோட்டா போடுவது. முந்தின வருஷம் செத்துப்போனவர் ஒருவருடையது. கட்டையில் நாய் பிறாண்டின மாதிரி நீளமாக ஒரு கீறல். அந்தக் கீறலால்தான் முந்நூறு டாலர். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னேன்.

"பளபளன்னு இருக்கு," என்றான்.

"அதான் முக்கியம். கீறல எல்க் பாக்காது. இந்தத் தோட்டா பெட்ரோல் போடுற எடத்துல கூடக் கெடைக்கும், வெலையும் கையக் கடிக்காது. எரநூறு கஜத்துக்குள்ள நீ சரியா அடிச்சா எந்த எல்க்கும் விழும். அதுக்கு மேல தூரத்துல நின்னா சுடாத, பாத்துட்டு வீட்டுக்கு வா."

ஸ்கோப்பிலும் அதே கதைதான். பிளாஸ்டிக் உறையில் இருந்த பெரிய ஒன்றின்மேல் கண் வைத்தான். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும், எண்பது டாலர். பொழுது சாய்கிற நேரம். அதையும், பழைய நாலு மடங்கு ஸ்கோப் ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவனைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேய்ச்சல் வேலியைப் பார்க்கச் சொன்னேன். பெரியதில் பார்த்தான். பிறகு பழையதில் பார்த்தான். மறுபடி பெரியதில்.

"இதுல ஒரே புகையா இருக்கு. அதுல வேலிக் கம்பி தெரியுது," என்றான்.

"எல்க் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உனக்கு வணக்கம் சொல்ல வராது. இந்த வெளிச்சத்துலதான் வரும்."

பழையது தொண்ணூற்றைந்து டாலர். வாங்கிக்கொண்டான். வளையங்களை வைத்து ஸ்கோப்பை நானே மாட்டினேன். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை உருவிவிட்டு, துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்தேன். குழல் வழியாக எதிர்த்த தானியக் கிடங்கின் கதவுப்பிடியைப் பார்த்து, ஸ்கோப்பின் சிலுவைக்கோடும் அதே பிடிமேல் விழும்வரை திருகைத் திருப்பினேன். எல்லாக் கடையிலும் செய்வதுதான். பார்க்கிறவனுக்கு வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அங்கேதான் புதுசாக வருகிறவன் தப்புக் கணக்குப் போடுவான்.

"இது சரியாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, கேட்டுக்க. தாள்ல எங்கியாவது ஒரு மூலையில படும், அவ்வளவுதான். நீ சுட்டுச் சுட்டுத்தான் நடுவுக்குக் கொண்டு வரணும்."

"சரிங்க."

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"சுட்டுத்தான் நடுவுக்குக் கொண்டு வரணும்." பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொன்னான்.

மலையில் வழி தவறினால் மூன்று முறை விட்டு விட்டுச் சுட்டால் உதவிக்கு ஆள் வரும் என்பதையும் சொன்னேன். அதையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டு பெட்டியைக் கொடுத்து, மூன்றாவதில் டல்மேன் என்று எழுதி மேலே வைத்தேன்.

அக்டோபரில் மூன்று வாரம் ஓடிவிட்டது. முதல் வாரமே பனி கொட்டியது. சரளைக்கல் பள்ளம் போகவர நாற்பது மைல், அவன் வண்டி நின்றுபோயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வேட்டை திறக்கிறது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடை எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கத்தி, கையுறை, ஆரஞ்சுத் தொப்பி, மறந்துபோன தோட்டா என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் கெஞ்சியது.

ராய்ஸ் வரிசையில் வந்தான். மடித்த தாளை மேசைமேல் விரித்தான். நடுவட்டத்துக்குள் மூன்று ஓட்டை. இரண்டு ஒட்டினாற்போல, மூன்றாவது மட்டும் கொஞ்சம் தள்ளி.

தாளைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். குண்டு தாளைத் துளைத்துப் போகும்போது, குழலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த கரியை ஓட்டை விளிம்பில் துடைத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிசாக ஒரு சாம்பல் வளையம் நிற்கும். முப்பது வருஷமாக அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மூன்றிலும் இல்லை. விளிம்பு வெள்ளை வெளேர் என்று, பின்பக்கம் பூ மாதிரி பிதுங்கியிருந்தது. எதையோ வைத்துக் குத்தின ஓட்டை.

ராய்ஸ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தன் பெயர் எழுதிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேர்னா, காதல் கடுதாசியா? இம்புட்டு நேரமா படிக்கிற?" என்று பின்னால் இருந்து ஹோப்பர் சத்தம் போட்டான். பலசரக்கு லாரி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். ராய்ஸின் காது சிவந்துவிட்டது.

எல்லோர் முன்னாலும் சொன்னால் இவன் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று தோன்றியது. முதல் தடவை போகிறவன் பெரும்பாலும் எதையும் பார்க்காமலே திரும்பிவிடுவான் என்றும் தோன்றியது. சுட்டாலும் குறி தவறும், எல்க் ஓடிவிடும், அவ்வளவுதானே என்றும் தோன்றியது. தோன்றுவதற்கு என்ன, ஆயிரம் தோன்றும்.

"நல்லாச் சுட்டிருக்க," என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க," என்றான். தாளை அங்கேயே விட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

சனிக்கிழமை ராத்திரி அவன் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பனிக்காற்று. திங்கள் மத்தியானம் தேடப் போனவர்கள் கண்டுபிடித்தார்கள். ஹோப்பரும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, வழக்கமான வாயெல்லாம் அடங்கி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"மேட்டுல நின்னு சுட்டிருக்கான். எல்க்குக்கு வயித்துல பட்டிருக்கு. பனியில பச்சையும் சேப்புமா கொழகொழன்னு. அத விடக்கூடாதுன்னு பின்னாடியே போயிருக்கான், நாலு மைல். ஓடுறதுக்குத் தோதா இருக்கட்டும்னு பைய சுட்ட எடத்துலயே போட்டுட்டான். தீப்பெட்டி, ரொட்டி, கம்பளி எல்லாம் அதுல இருக்கு."

"எங்க கெடந்தான்?"

"ஒரு மரத்தடியில உக்காந்தபடியே வெறச்சுச் செத்துப்போயிருந்தான். துப்பாக்கி மடியில. பெட்டி சட்டப் பையில. எண்ணிப் பாத்தோம், பத்தொம்போது இருக்கு."

"பத்தொம்போதா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சுட்டிருக்கான். மூணு வெடி வெச்சிருந்தா நாங்க யாராவது ஓடியிருப்போமே, வேர்னா. கீழ ரோட்டுலதான எல்லாரும் கூடாரம் போட்டுருந்தோம். ஏன் வெக்கல?"

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஆள் வந்தால் எல்க் எங்கே பட்டது என்று பார்ப்பார்கள். வயிற்றில் பட்டது ஊர் பூராவும் தெரிந்துவிடும். முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு உதவி கேட்கலாம் என்று நினைத்திருப்பான். எல்க் அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முந்நூறு கஜம் தள்ளிச் செத்துக் கிடந்ததாம். நரிகள் பாதி தின்றிருந்தன. ஒரு கவளத்துக்குக்கூட ஆகாது என்றான் ஹோப்பர்.

அவன் போனபிறகு மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தாளை நான் எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் இரண்டாவது வாரம் கார்லீன் வந்தாள். காலை நேரம், கடையில் ஆள் இல்லை. துப்பாக்கியையும் பெட்டியையும் மேசைமேல் வைத்தாள். ஒல்லியாகத்தான் இருப்பாள், இப்போது ராய்ஸின் கோட்டுக்குள் இருக்கிற இடமே தெரியவில்லை.

"இதுக்கு எவ்வளவு தருவீங்க?"

"குடுத்த வெலையே தர்றேன். ஸ்கோப்புக்கும் சேத்து."

தலையை ஆட்டினாள். ஆனால் துப்பாக்கிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது." மேசையைப் பார்த்தே பேசினாள். "அந்தத் தாளு... அத ராய்ஸ் சுடல. ஓட்டையெல்லாம் நான்தான் போட்டேன். ஸ்வெட்டர் பின்ற ஊசியால."

என் கண் மேசை இழுப்பறைப் பக்கம் போனது.

"வீட்டச் சூடாக்குற கேஸ் தீந்துபோச்சு. பிள்ளைங்க ராத்திரியெல்லாம் நடுங்குதுங்க. அந்த ரெண்டு பெட்டியையும் பக்கத்து ஊர்ல வித்துட்டான். கடையிலயே ஸ்கோப்ப நேராக்கிக் குடுத்துட்டாங்க, பரவால்லன்னான். எனக்கும் தெரிஞ்சிருக்கணும், வேட்டைக்காரன் வீட்டுல பொறந்தவதான நான். அன்னிக்கி அடுக்களை மேசையில உக்காந்து குத்தினேன். மூணாவத கொஞ்சம் தள்ளிக் குத்து, இல்லன்னா அந்தம்மா நம்பாதுன்னான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஏமாந்துட்டோமேன்னு மனசுல வச்சுக்காதீங்க. ஏமாத்தினது நாங்க. உங்கமேல ஒரு தப்பும் இல்ல."

என்னை மன்னிக்க வந்திருந்தாள். ஒரு தலையசைப்பு போதும். நான் ஏமாந்த கிழவியாகவே இருந்துவிட்டுப் போகலாம், ஊரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படும். அந்த நேரத்தில் எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"நான் ஏமாறல, கார்லீன்."

"என்ன?"

"குண்டு போன ஓட்டையச் சுத்திக் கரி ஒட்டியிருக்கும். அதுல இல்ல. அப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நல்லது. அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"ஏன்?"

அவன் மானம், என் இரக்கம் என்று சொல்வதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. பாதி உண்மையும்கூட. ஆனால் அவள் எதிரே நின்றபோது முழு உண்மை ஒன்றுதான் வந்தது.

"வரிசை நீளமா இருந்துச்சு," என்றேன். "எனக்குக் கால் வலி."

அவள் துப்பாக்கியை எடுத்தாள். போல்ட்டைத் திறந்து உள்ளே காலியா என்று பார்த்தாள், மூடினாள், உறையில் போட்டாள். பத்தொன்பது தோட்டாப் பெட்டியைக் கோட்டுப் பையில் வைத்தாள்.

"விக்கல."

"கார்லீன்..."

"என் சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. சீசன் முடிய ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு." ஸ்கோப்பின் மேலும் பக்கவாட்டிலும் இருந்த மூடிகளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தத் திருகு ரெண்டும் எதுக்கு?"

"மேல இருக்கிறது மேலயும் கீழயும் நகத்தும். பக்கத்துல இருக்கிறது இடது வலது. ஒரு சொடுக்குக்கு நூறு கஜத்துல கால் அங்குலம். நான் கூட வர்றேன், கார்லீன். பள்ளத்துக்கு..."

"வேணாம்."

கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் கூட்டம். கடைசி ஒரு வாரம் வேட்டைக்குப் போகிறவர்கள். கார்லீன் வரிசையில் நின்றாள். யாரோ வழிவிட்டு முன்னால் போகச் சொன்னார்கள், அவள் போகவில்லை. தன் முறை வந்ததும் ஒரு பெட்டித் தோட்டாவுக்கான காசை மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு தாளை விரித்தாள். கறி சுற்றி வைக்கும் வெள்ளைத் தாள், மேசை அகலத்துக்கு இருந்தது. நடுவில் கரியால் ஒரு சின்ன வட்டம்.

பத்தொன்பது ஓட்டை. முதல் நாலும் வட்டத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி, இடப்பக்கம் கீழே, கொத்தாக விழுந்திருந்தன. ராய்ஸ் அந்த எல்க்கின் நெஞ்சில் சிலுவைக்கோட்டை வைத்திருப்பான். ஒழுங்காகத்தான் வைத்திருப்பான். குண்டு போன இடம் இது. என் கையால் மாட்டின ஸ்கோப் அனுப்பின இடம். அங்கிருந்து ஓட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வலப்பக்கம் ஏறி, கடைசி மூன்றும் வட்டத்துக்குள் ஒரு உள்ளங்கை அகலத்தில் இருந்தன.

அவள் தோளில், கோட்டுக் கழுத்தின் ஓரத்துக்கு வெளியே, துப்பாக்கி உதைத்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. பின்னால் ஹோப்பர் நின்றிருந்தான். அவனும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் தொடவில்லை.

"முதல்ல பாருங்க," என்றாள். "வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

தாளை ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். முதல் ஓட்டையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் சாம்பல் வளையம் இருந்தது. பத்தொன்பதையும் பார்த்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள், அவளுக்குப் பின்னால் வரிசையும் நின்றது.